ஊருணிக்கரை அய்யா: பழகியவர்கள் சொல்லுங்கள்

மூத்த பேரன்:

அய்யா தவறி ஒரு மாதம் ஆகப்போகிறது. வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது, கடைசி வரைக்கும் நடமாட்டத்தோடுதான் இருந்தார், அதனால் கல்யாணச் சாவு என்று கொட்டடித்துத்தான் எடுத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், அதில் பாதி எங்களுக்கே தெரியாது. எழுதி வைத்தால் சின்னப் பிள்ளைகள் படிப்பார்கள். நான் ஆரம்பிக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர், ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிற திருப்பாலைக்குடியில் இருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. காற்றில் கடல் வாடை அடிக்கும், ஆனால் நாங்கள் கண்மாயை நம்பி இருப்பவர்கள். புரட்டாசியில் புழுதி விதைப்பு, வானம் பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மாட்டுக்கு வைக்கோலும் மிஞ்சாது. பங்குனி, சித்திரையில் களமெல்லாம் முண்டு மிளகாய் காயும். எந்தப் பக்கம் கிணறு வெட்டினாலும் உப்பு. குடிக்கிறதுக்கு ஊருணி ஒன்றுதான், காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வரைக்கும் வேறு வழியே இல்லை.

அந்த ஊருணியைத்தான் அய்யா பார்த்துக்கொண்டார். பதவி எதுவும் கிடையாது. ஒருதடவைகூடத் தேர்தலில் நிற்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வரத்துக்காலைச் செதுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு, வராத வீட்டுக்குப் போய் சத்தம் போடமாட்டார், "என்னப்பு, உடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்பார், மறுநாள் அந்த வீட்டில் இருந்து ரெண்டு பேர் வருவார்கள். முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடவே மாட்டார். தரையில் கிடக்கிற ஆட்டுப்புழுக்கை, குப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போகட்டும் என்று வாயை அடைத்து வெளியே திருப்பிவிட்டு, அடுத்த மழைக்குத்தான் திறப்பார். அப்படிப் பிடித்த தண்ணீரும் கலங்கல்தான். தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் உரசி வைத்தால் காலையில் தெளிந்து நிற்கும்.

நான் நேரில் பார்த்த ஒன்று. தூர்வார இயந்திரம் வந்தது, ஒப்பந்தக்காரர் எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு போகலாம் என்று இறங்கிவிட்டார். நிறைய மண் எடுத்தால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று எங்களைப் போன்ற படித்த பயல்களும் அதற்குத் தலையாட்டினோம். அய்யா போய் இயந்திரத்துக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வண்டலை மட்டும் வழி, அடியில் இருக்கிற களியைத் தொடாதே, களி உடைந்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், நம்ம தண்ணீர் உப்புக்கு மேல் உட்கார்ந்திருக்கிற தண்ணீர், இதுதான் அவர் பேச்சு. மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் முளைக்குச்சி அடித்துக் காட்டிய அளவுக்குத்தான் வெட்டினார்கள். பக்கத்து ஊர் ஒன்றில் ஆழமாகப் போனார்கள், அங்கே தண்ணீர் சவர் அடித்து இன்றைக்கு ஆடு மாடுகூட வாய் வைப்பதில்லை.

கண்மாய் வற்றும்போது மீன் ஏலம் விடுவார்கள் இல்லையா, அந்தக் காசு முழுக்க ஊர்ப்பணம், அந்தக் கணக்கு நோட்டும் அவரிடம்தான் இருந்தது. டீ வாங்கின காசு வரைக்கும் எழுதியிருக்கிறார்.

திருப்பாலைக்குடியில் இருந்து:

எங்க வாப்பாவும் அவரும் கூட்டாளிகள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், பாசஞ்சர் ரயில் கடலோடு போனதும் தெரியும். பாம்பன் பாலம் உடைந்து தீவுக்குப் போக வழியில்லாமல் போன பிறகு நடந்ததை வாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அய்யா ஊரில் வீடு வீடாகப் போய்ப் படி அரிசி கேட்டிருக்கிறார், அந்த வருஷம் அவர்கள் வயலும் தண்ணீரில்தான் கிடந்தது, இருந்தாலும் கொடுத்திருக்கிறார்கள். வாப்பா இங்கே கருவாடும் துணியும் சேர்த்தார். ரெண்டு பேரும் மாட்டுவண்டி கட்டி மண்டபம் வரை கொண்டுபோய், அங்கிருந்து அக்கரைக்குப் போகிற வத்தைப் படகில் ஏற்றிவிட்டு வந்தார்கள்.

உடைந்த ரயில் பாலத்தை ஸ்ரீதரன் என்கிற இளம் இன்ஜினியர் 46 நாளில் சரிசெய்து காட்டினார் அல்லவா, பின்னாடி கொங்கன் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டவர். அய்யாவுக்கு அந்த 46 மேல் அப்படி ஒரு பிரியம். யாராவது வேலையை இழுத்தடித்தால், "கடலுக்குள்ள கிடந்த பாலத்தையே நாப்பத்தாறு நாள்ல நிமித்திட்டாங்க, உனக்கு ஒரு கரை போட எத்தனை நாள் வேணும்?" என்பார். எங்கள் பள்ளிவாசல் சுவர் வேலை தாமதமானபோது இங்கேயும் வந்து அதையே கேட்டுவிட்டுப் போனார்! நோன்பு மாசம் கஞ்சி கொடுத்துவிட்டால் திருப்பி அனுப்புகிற தூக்குவாளியில் மிளகாய் வற்றல் இல்லாமல் வராது.

மண்டபம் முகாமில் வளர்ந்தவன்:

நாங்கள் 1990இல் மன்னாரில் இருந்து படகில் வந்த ஆட்கள். எங்கட அப்பா மேசன் வேலை தெரிந்தவர். முகாமில் அனுமதி எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போவார். இவர்களுடைய ஊருணிக்குப் படித்துறை கட்டின நேரம் சில கிழமைகள் அங்கேயே தங்கி வேலை செய்தார், சின்னப் பெடியனாக நானும் போனேன். எங்களைத் தங்க வைத்தது மாட்டுக் கொட்டகையில் இல்லை, அவருடைய வீட்டுத் திண்ணையில். ஊர் ஆளுக்கு என்ன கூலியோ அதே கூலி. அந்த நேரம் அகதி என்றால் பாதிக்கூலி கொடுக்கிறவர்கள் இருந்தார்கள், அதனால்தான் அப்பா சாகும் வரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிழக்குத் தெருப் பொண்ணு:

எல்லாரும் நல்லதையே எழுதுகிறீர்கள், நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன், ஆனால் முழுசாக எழுதுகிறேன்.

பஞ்ச வருஷம். ஊருணி வற்றி, தரையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவோம், ஒரு குடம் நிறைய ஒரு சாமம் ஆகும். மேலத்தெருக்காரர்கள் எடுத்து முடித்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் இறங்க வேண்டும், அப்போது கிடைப்பது சேறு. காலங்காலமாக அப்படித்தான், அய்யாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வருஷம் ஒரு ராத்திரி எங்கள் தெருவில் ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் போய்விட்டது. மறுநாள் ஊர்க்கூட்டத்தில் அய்யா எழுந்து, இனிமேல் வந்த வரிசைக்குத்தான் தண்ணீர் என்றார். பெரிய சண்டை. சொந்தப் பங்காளிகளே அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு வராமல் நின்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் எங்கம்மா குடத்துக்குப் பின்னால் அவர் வீட்டு அம்மா குடம் இருந்தது. எங்கம்மா நகர்ந்து வழிவிடப் பார்த்திருக்கிறார், அந்த அம்மா, "நீ முன்னாடி வந்தவ, நீ அள்ளு தாயி" என்று சொல்லிவிட்டு இருட்டும் வரைக்கும் நின்றாராம்.

ஒரு பிள்ளை போன பிறகு வந்த நியாயம் அது. அதற்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். வந்த பிறகு அவர் அதை ஒருநாளும் பின்வாங்க விடவில்லை என்பதும் உண்மை, அதற்காகத்தான் அவரை எடுத்த அன்றைக்கு எங்கள் தெருவே திரண்டு வந்து கூட்டத்தில் நின்றது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆர்.எஸ். மங்கலம்:

எங்கள் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெருமையாகச் சொல்வோம். அவரிடமும் சொன்னேன். "மடை இருக்கு சார், மடைக்குப் போற கால்வாய்ல கருவை மண்டிக் கிடக்கே" என்றார். அடுத்த வாரம் நாங்கள் பத்துப் பேர் அரிவாளோடு போனோம்.

மகள்:

அப்பா பேரை இத்தனை பேர் சொல்வது நெஞ்சு நிறைகிறது. கிழக்குத் தெருத் தங்கச்சி அம்மாவைப் பற்றி எழுதினாளே, அதற்கு அவளுக்கு ஒரு கும்பிடு. அப்பா ஊரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தது அம்மா. கூட்டம் முடிந்து எத்தனை பேர் வந்தாலும் உலை வைக்கணும். விதைப்பு நாளில் அப்பா கலெக்டர் ஆபீசில் மனுவோடு நிற்பார், ஏர் பிடிக்க ஆள் கூப்பிட்டது அம்மாதான். பங்காளிகள் ஒதுக்கிவைத்த வருஷம் வீட்டுப் பெண்கள் பட்ட பேச்சு அவர் காதுக்கு எட்டவே இல்லை.

எட்டாவதோடு என்னை நிறுத்திவிட்டார். பஸ் இல்லை, வயசுப் பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்க விடமுடியாது என்றார். ஊருக்குப் பஸ் கேட்டு மனுக் கொடுத்து அவர் வாங்கி வரும்போது எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் சேர்க்க அவரே தலையில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், மாசாமாசம் போய்ப் பார்த்தார், பெரியவள் இன்றைக்கு நர்ஸ். எனக்கு அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. அவருக்கும் அது தெரியும், அதனால்தானோ என்னவோ கணக்கு நோட்டில் கூட்டல் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்.

படித்துறைக்குச் சிமெண்ட் வாங்கப் பணம் பத்தாமல் அம்மா சங்கிலியைத்தான் அடகு வைத்தார். அது எந்த நோட்டிலும் இருக்காது.

மூத்த பேரன்:

அத்தை, அந்தச் சங்கிலி திரும்பி வந்ததா?

மகள்:

வந்தது. மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம் அப்பாவே போய் மீட்டார். வருகிற வழியில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார், அப்படியே திரும்பிப்போய் மறுபடியும் வைத்துவிட்டு வந்தார். அம்மா அதற்கு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டார்.