ஃபாஸ்டிங் சுகர் மட்டும் இறங்காதபோது

சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற சுகர் எல்லாம் சரியாக இருந்து, காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிற ஃபாஸ்டிங் சுகர் மட்டும் இறங்காமல் தவிக்கும் கர்ப்பிணித் தோழிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான எந்த அறிகுறியும் இல்லை. 24-லிருந்து 28 வாரத்துக்குள் பார்க்கும் குளுக்கோஸ் டெஸ்டில்தான் தெரிந்தது. டாக்டர் சொன்ன இலக்கு இது: ஃபாஸ்டிங் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு சீக்கிரமே கட்டுக்குள் வந்துவிட்டது. மாவுச்சத்தை நிறுத்தவில்லை. மூன்று வேளைக்கும் இடையில் சாப்பிடும் சிறு உணவுக்குமாகப் பிரித்துக்கொண்டேன். தட்டில் பாதி காய்கறி, கூடவே புரதம். காலையில் இன்சுலின் அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் அந்த வேளைக்கு மட்டும் மாவுச்சத்து இன்னும் குறைவு. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடப்பேன். அதன் பலனை மீட்டரிலேயே பார்க்கலாம்: அதே சாப்பாட்டுக்கு, உட்கார்ந்திருந்த நாளில் 150 காட்டியது, நடந்த நாளில் 128.

ஃபாஸ்டிங் மட்டும் 98, 101 என்றே நின்றது. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிடு, தானாக இறங்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டயட்டீஷியன் கண்டிப்பாகக் கூடாது என்றார். பட்டினி கிடந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்தான் ஏறுமாம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. நாம் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் சுரக்கும் மற்ற ஹார்மோன்களும் அதைக் கூட்டுகின்றன. இதில் நம் வாய்க்கட்டுப்பாட்டுக்கு என்ன வேலை இருக்கிறது?

படுக்கும் முன் போட இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது அழுகை வந்துவிட்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், ஆனால் நாம் போடும் இன்சுலின் போகாது. வரும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது, அதனால்தான் எடை கூடுகிறது. இதைக் கேட்ட பிறகு எனக்கு ஊசி பயமே போய்விட்டது. ஊசி ரொம்பச் சின்னது, தொடையில் போட்டேன், வலி பெரிதாகத் தெரியவில்லை. வாரம் ஏற ஏற டோஸும் ஏறியது. நஞ்சுக்கொடி வளரும்போது அது இயல்புதான், நோய் முற்றுகிறது என்று கலங்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சுகர் சட்டென்று இறங்கவும் கூடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

* * *

அக்கா, இதை முன்பே படித்திருந்தால் இத்தனை நாள் அழுதிருக்க மாட்டேன். எனக்கும் ஃபாஸ்டிங்தான் பிரச்சினை, நேற்றுதான் இன்சுலின் ஆரம்பித்தார்கள். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்: விரலில் குத்தும் முன் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிடுங்கள். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

* * *

பிரசவத்துக்குப் பிறகு நடந்ததையும் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். பிறந்ததும் பாப்பாவின் குதிகாலில் குத்திச் சுகர் பார்த்தார்கள். வயிற்றுக்குள் அதிகமாகச் சுரந்து பழகிய இன்சுலின், பிறந்த பிறகு குழந்தையின் சுகரை இறக்கிவிடலாம் என்பதுதான் காரணம். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். அன்றோடு என் இன்சுலினையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் 6-லிருந்து 12 வாரத்துக்குள் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும். தூக்கமில்லாத அந்த நாட்களில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். எனக்கு நார்மல் வந்தது. அப்படி வந்தாலும் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நமக்கு மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால், முதல் செக்கப்பிலேயே இந்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 24 வாரம் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே டெஸ்ட் எடுப்பார்கள்.