சிக்னெட் ரிங் இரைப்பைப் புற்றுநோய்: எஃப்.டி.ஜி. பெட்டில் ஒன்றும் தெரியாதபோது ஃபாபி எவ்வளவு உதவும்?

பெட்_ரெசிடென்ட்:
வணக்கம். 38 வயதுப் பெண், பயாப்சியில் சிக்னெட் ரிங் செல் கார்சினோமா (செல்கள் முத்திரை மோதிரம்போலத் தெரியும் புற்றுநோய்). சிடியில் இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறது, ஓமெண்டத்தில் (குடலை மூடும் கொழுப்புத் திரை) லேசான மங்கல். எஃப்.டி.ஜி. பெட்டில் (கதிரியக்கக் குளுக்கோஸ் ஸ்கேன்) இரண்டு இடத்திலும் ஏற்பு இல்லை. காலியம்-68 ஃபாபி-46 என்ற வேறு மருந்தால் பெட் ஸ்கேன் எடுக்கலாமா? அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் பெரிட்டோனியத்தில் (வயிற்றறையின் உட்சவ்வு) பரவல் இல்லை என்று எழுதலாமா?

அணுமருத்துவம்:
எடுக்கலாம். ஆனால் அப்படி எழுத முடியாது.

சிக்னெட் ரிங் செல்கள் சிதறிக் கிடக்கும், உள்ளே சளி நிறைந்திருக்கும். குளுக்கோஸை உள்ளிழுக்கும் குளுட்-1 புரதமும் பல கட்டிகளில் குறைவு. எஃப்.டி.ஜி. தவறவிடுவது இதனால்தான். ஃபாபி புற்றுச் செல்லைத் தேடிப் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்களின் (நார்த்திசுவை உண்டாக்கும் செல்கள்) எஃப்.ஏ.பி. புரதத்தில் ஒட்டுகிறது. இந்த வகையில் நார்த்திசு ஏராளம். குடலும் கல்லீரலும் மங்கலாகவே இருப்பதால் ஓமெண்டத்தில் மெல்லிய படிவுகூட எடுப்பாகத் தெரியும்.

பட்டினி வேண்டாம். 3–5 மில்லிகியூரி ஊசி, 60ஆவது நிமிடத்தில் படம். படுக்கும் முன் அரை லிட்டர் தண்ணீர் கொடுங்கள். சுருங்கிய இரைப்பையில் சுவர்த் தடிப்பை மதிப்பிட முடியாது. மருந்து சிறுநீரில் வெளியேறும். எனவே சிறுநீர் கழித்த கையோடு இடுப்பிலிருந்து மேல்நோக்கி ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் டக்ளஸ் பையில் (கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளம்) உள்ள படிவைச் சிறுநீர்ப்பை மறைத்துவிடும். இந்த வயதில் கருப்பை இயல்பாகவே ஒளிரும், அது பரவல் அல்ல. சினைப்பைகளை மட்டும் எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குருக்கன்பெர்க் கட்டி (சினைப்பைக்குப் பரவிய கட்டி) தப்பிவிடக் கூடாது.

ரேடியோபார்மசி:
கல்லீரலும் மண்ணீரலும் பளிச்சென்று தெரிந்தால் முதலில் தயாரிப்பைச் சந்தேகியுங்கள். பி.எச். கூடினால் காலியம் ஹைட்ராக்சைடு கூழ்மமாகி அங்கேதான் போய்த் தங்கும். மிகவும் குறைந்தால் பிணைப்பே சரியாக நடக்காது. சோடியம் அசிடேட்டால் 3.5–4இல் நிறுத்தி, 95 டிகிரியில் 10 நிமிடம் வாக்கில் சூடாக்குங்கள். பிறகு சி-18 கார்ட்ரிட்ஜில் சுத்திகரித்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். டி.எல்.சி. தூய்மைச் சோதனையில் 95% வராவிட்டால் அந்த பேட்சை வெளியே விடாதீர்கள்.

காலியம் எடுக்கும் ஜெனரேட்டர் வார இறுதியில் சும்மா இருந்திருந்தால் திங்கள் காலை முதல் எலூஷனை (அதிலிருந்து வடித்தெடுத்த கரைசலை) கழிவில் சேர்த்துவிடுங்கள். காலியம் சிதைந்து உண்டான துத்தநாகம் அதில் சேர்ந்திருக்கும், ஃபாபியில் காலியம் பிணையும் டோட்டா பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். 4 மணி நேரத்தில் காலியம் 90% திரும்பிவிடும்.

இரைப்பை_அறுவை:
படம் சுத்தமாக இருந்தாலும் லேப்ராஸ்கோப்பியை (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) விடாதீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகள் பெட்டில் எளிதில் தப்பும். வயிற்றைக் கழுவிய நீரில் மிதக்கும் செல்களை எந்த டிரேசரும் (ஸ்கேன் மருந்தும்) காட்டாது, ஆனால் சைட்டாலஜி (செல் பரிசோதனை) பாசிட்டிவ் என்றால் அதுவே எம்1, அதாவது தொலைப்பரவல் நிலை.

வரிசையும் முக்கியம். ஃபாபி முதலில், லேப்ராஸ்கோப்பி பிறகு. மாற்றிச் செய்தால் ஆறிக்கொண்டிருக்கும் போர்ட் தழும்புகளும் (கருவி நுழைத்த துளைகள்) ஒளிரும், பரவலா காயமா என்று பிரிப்பது கடினம். ஃபாபி எங்கே காட்டியதோ அங்கே குறிவைத்து பயாப்சி எடுங்கள். படத்தை மட்டும் நம்பி அறுவையைக் கைவிட வேண்டாம்; காசநோய்ப் பெரிட்டோனைட்டிசும் இப்படியே ஒளிரும்.