மறு: நியூக்ளியோசிந்தெசிஸ் – ‘அணுக்கரு இணைவு’ என்றே விட்டுவிடலாமா?

> விண்மீன்கள் பற்றிய கட்டுரையை முடித்துவிட்டேன். நியூக்ளியோசிந்தெசிஸ் வரும் இடங்களில் எல்லாம் ‘அணுக்கரு இணைவு’ என்று போட்டிருக்கிறேன். பாடநூலில் பழகிய சொல். வாசகர் தடுக்கி விழமாட்டார். எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஐயா, வணக்கம்.

எதிர்ப்பு இருக்கிறது. நியூக்ளியோசிந்தெசிஸ் என்பது புதிய அணுக்கருக்கள் உருவாகும் எல்லா வழிகளுக்கும் பொதுப்பெயர். கட்டுரையின் முற்பாதிக்கு இந்தச் சொல் பொருந்துகிறது. மைனஸ் 260 டிகிரிக் குளிரில் கிடக்கும் ஹைட்ரஜன் முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. நடுப்பகுதி ஒரு கோடி டிகிரியை எட்டியதும் ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாகக் கூடி ஹீலியமாகின்றன. அது இணைவேதான். மூன்று ஹீலியம் கருக்கள் கூடிக் கார்பன் ஆவதும் இணைவு. அதைத் தாண்டினால் சொல் காலை வாருகிறது.

இரும்பையே பாருங்கள். மிகப் பெரிய விண்மீனின் உள்ளே சிலிக்கன் கட்டம் வரும்போது வெப்பம் சுமார் 300 கோடி டிகிரி. அங்கேகூட இரண்டு சிலிக்கன் கருக்கள் நேராக மோதி ஒன்றாவதில்லை. இரண்டிலும் பதினான்கு நேர்மின் துகள்கள், ஒன்றையொன்று அண்டவிடாது. காமாக் கதிர்கள் சில கருக்களை அடித்து ஆல்ஃபா துகள்களை, அதாவது ஹீலியம் கருக்களை, உதிர்க்கின்றன. உதிர்ந்ததை மற்றக் கருக்கள் விழுங்கிப் பெருக்கின்றன. உடைப்பும் சேர்ப்பும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கின்றன. முடிவில் கிடைப்பதும் பெரும்பாலும் இரும்பு அன்று, நிக்கல்-56. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 6 நாள். சிதைந்து கோபால்ட்-56 ஆகிறது. அதன் அரை ஆயுள் 77 நாள். அது சிதைந்த பிறகே இரும்பு. 1987இல் நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் முகிலில் வெடித்த விண்மீனின் ஒளி மங்கிய வேகம் இந்த 77 நாள் கணக்கோடு ஒத்துப்போனது. இந்தக் கடைசி இரண்டு படிகளில் எது எதனோடு இணைந்தது?

இரும்புக்கு அப்பால் நிலைமை இன்னும் மோசம். 1952இல் வானியலாளர் பால் மெரில் சில சிவந்த முதிய விண்மீன்களின் நிறமாலையில் டெக்னீசியம் என்ற தனிமத்தைக் கண்டார். அதற்கு நிலையான ஐசோடோப்பு (சிதையாமல் நிற்கும் அணு வகை) ஒன்றுகூடக் கிடையாது. இத்தகைய விண்மீனில் விளையும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் சுமார் 2 லட்சத்து 11 ஆயிரம் ஆண்டுகள். விண்மீனின் வயதோ அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. பிறக்கும்போதே கொண்டுவந்த சரக்காக இருந்தால் என்றோ தீர்ந்திருக்கும். ஆகவே அங்கேயே உண்டாகிறது. எப்படி? ஒரு கரு, மின்னூட்டமற்ற நியூட்ரானைக் கவர்கிறது. பிறகு பீட்டாச் சிதைவில் உள்ளிருக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாற, கரு தனிம வரிசை அட்டவணையில் ஒரு கட்டம் முன்னேறுகிறது. இதை ‘நியூட்ரான் கவர்வு’ என்று உங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் அதையே இணைவு என்றும் எழுதலாமா?

என் முன்மொழிவு: அணுக்கருவாக்கம். ‘ஆக்கம்’ என்பது விளைவை மட்டும் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

———

இருவருக்கும் வணக்கம். குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஒளிச்சேர்க்கை என்று வழங்குகிறோமே, அதையொட்டி ‘அணுச்சேர்க்கை’ என்றால் என்ன? அதுவும் வேண்டாம் என்றால் ‘தனிமவாக்கம்’ என்று வைக்கலாம். வானியற்பியலாளர்களான பர்பிட்ஜ் இணையர், ஃபௌலர், ஹாயில் நால்வரும் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே ‘தனிமங்கள்’தான் இருக்கிறது, ‘கரு’ இல்லை. வாசகரும் தங்கம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறார்; தங்கத்தின் கரு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை.

———

அக்கா, 1957 தலைப்பை எடுத்துக்காட்டியது வலுவான வாதம். ஆனாலும் இரண்டையும் ஏற்க முடியவில்லை.

சேர்க்கை: லித்தியம், பெரிலியம், போரான் மூன்றும் விண்மீனின் உட்பகுதியில் தங்குவதில்லை, அந்த வெப்பத்தில் அழிந்துவிடும். பெரிலியமும் போரானில் பெரும்பங்கும் விண்வெளியில் பிறக்கின்றன. அண்டக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் கருக்களை மோதிச் சிதறடிக்கும்போது தெறிக்கும் துண்டுகள் அவை. துண்டாகிக் கிடைத்ததைச் சேர்க்கை என்றால் எப்படி?

தனிமம்: பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களிலேயே ஹீலியம் கருக்கள் உருவாகிவிட்டன, நிறைக் கணக்கில் ஏறத்தாழ கால் பங்கு. ஆனால் கருக்கள் எல்லாம் எலெக்ட்ரான்களைப் பிடித்து நிறுத்தி முழு அணுக்களாக நின்றது சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து. இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள். ‘தனிமவாக்கம்’ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. தவிர, கார்பன்-12 பிறக்கும் வழி வேறு, கார்பன்-13 பிறக்கும் வழி வேறு, தனிமம் ஒன்றே. இந்தத் துறையே கருக்களை எண்ணும் துறை. ஈழத்து வாசகர்களுக்குத் தனிமம் ‘மூலகம்’ என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அது துணைக் காரணம்தான், அதை வைத்துச் சண்டை போடமாட்டேன்.

‘கருவாக்கம்’ என்று சுருக்கும் ஆசை எனக்கும் வந்தது. கரைசலில் படிகம் முளைவிடுவதற்கும் அந்தச் சொல் வேண்டியிருக்கும், உயிரியலார் வேறு உரிமை கொண்டாடுவார்கள். ‘அணு’ முன்னால் நிற்கட்டும்.

———

தம்பிக்கும் அம்மாவுக்கும்:

சில நிமிடங்கள், 3,80,000 ஆண்டுகள் என்ற கணக்கு என்னை மடக்கிவிட்டது. அணுக்கருவாக்கம் என்றே கலைச்சொல் அட்டவணையில் ஏற்றுகிறேன். ‘அணுக்கரு இணைவு’ அதன் வழிகளுள் ஒன்றாகக் கீழே நிற்கும். கிளைச்சொற்கள்: பெருவெடிப்பு அணுக்கருவாக்கம், விண்மீன் அணுக்கருவாக்கம். நியூட்ரான் கவர்வின் இரண்டு வகைகளுக்கும் ‘மெதுகவர்வு’, ‘விரைகவர்வு’ என்று வைத்திருக்கிறேன். முன்னதில் ஒரு கவர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆண்டுகள் கழியலாம், சிதைவுக்கு அவகாசம் உண்டு. பின்னதில் சிதைய நேரம் கிடைக்கும் முன்பே நியூட்ரான்கள் சரமாரியாக வந்து விழும். 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைகளில் தெரிந்த நியூட்ரான் விண்மீன் மோதல் விரைகவர்வுக்குச் சான்று. அதன் ஒளியில் ஸ்ட்ரான்சியத்தின் தடத்தை 2019இல் இனங்கண்டார்கள். அம்மா எடுத்துக்காட்டிய தங்கத்திற்கும் இதுவே முக்கிய வழிகளுள் ஒன்று. அதற்கு ஒரு பத்தி சேர்க்கிறேன்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. ‘ஹைட்ரஜன் எரிதல்’, ‘ஹீலியம் எரிதல்’ என்று எழுதிக்கொண்டே போய் ‘ஆக்சிஜன் எரிதல்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எரிய உதவும் வாயு, தானே எரியாது என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான். விண்மீனில் நடப்பது தீ அன்று, வேதிவினையே அன்று. ‘ஆக்சிஜன் கட்டம்’, ‘சிலிக்கன் கட்டம்’ என்று இப்போதைக்கு ஒப்பேற்றியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் புது இழையில் எழுதுங்கள். இந்த இழை ஏற்கெனவே நீண்டுவிட்டது.