மறு: ‘போலிக் அமிலம்’ வேண்டாம், ‘இலையமிலம்’ என்போம்

குழுவினருக்கு வணக்கம். பிள்ளை பெற இருக்கும் பெண்களுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமிலக் குளிசையை (மாத்திரையை) நம் பிரசுரத்தில் ‘இலையமிலம்’ என்று எழுதலாம் என்பது என் யோசனை.

‘ஃபோலிக்’ என்று ஆய்தம் போட்டு எழுதினால் போதுமே, புதுச்சொல் எதற்கு என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். அச்சில் அது சரிதான். திருகோணமலையில் நான் பார்ப்பது வேறு. கிளினிக் சுவரில் கையால் எழுதி ஒட்டும் அறிவித்தலில், குளிசைப் பையின் மேல் பேனாவால் கிறுக்கும் அவசரத்தில் ஆய்தம் நிற்பதில்லை. ‘போலிக் அமிலம்’ என்றுதான் விழுகிறது.

கலியாணமாகி நாலு மாதமான என் மருமகள் மூதூரிலிருந்து வந்தபோது கைப்பையிலிருந்து அப்படி ஒரு பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே சின்ன மஞ்சள் குளிசைகள். “மாமா, இது போலி என்டு அவங்களே எழுதித் தந்திருக்காங்க, குடிக்கலாமா?” பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்று கிழமையாக ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மூன்று கிழமை சின்ன விஷயமல்ல. கரு உண்டாகி 28 நாளுக்குள் சிசுவின் நரம்புக்குழாய், அதாவது பின்னால் மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் ஆகும் குழாய், மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முள்ளந்தண்டிலோ மூளையிலோ பிறவிக் குறை வரலாம். அதைத் தடுக்க உதவுவதுதான் இந்தக் குளிசை. அந்த 28 நாளில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது. அதனால்தான் பிள்ளை தங்குமுன்பே தொடங்கி 12 வாரம் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்கிறார்கள். முன்பு இக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு அளவு இன்னும் கூட, 4 மில்லிகிராம். அந்த அளவு கொடுத்தால் குறை மறுபடி வருவது ஏறக்குறைய 72 சதவீதம் குறைகிறது என்று 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பம்பாயில் இரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தி, அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று 1931இல் எழுதினார் ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ். பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் நாலு தொன் பசளிக்கீரையிலிருந்து அதைப் பிரித்தார்கள். கீரையில் கிடைத்ததால் இலத்தீனில் இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்ற சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அவர்கள் இலை என்றார்கள், நாம் போலி என்கிறோம்! ‘இலையமிலம்’ என்பது அந்தப் பொருளைத்தான் திருப்பித் தருகிறது.

மட்டக்களப்பு ஆசிரியரின் தடையை நான் லேசாக எடுக்கவில்லை. இலை என்றதும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தின்றால் போதும், குளிசை எதற்கு என்று இருந்துவிடுவார்களே என்கிறார். உண்மையான பயம். ஆனால் இங்கே இரண்டு பொருள் இருக்கின்றன, இரண்டு சொல் வேண்டும். உணவில் இயற்கையாக உள்ள ‘ஃபோலேட்’டை ‘இலைச்சத்து’ என்போம். அது சூட்டில் அழியும், கீரை அவித்த தண்ணீரை ஊற்றினால் அதோடு போய்விடும். குளிசையில் உள்ளதோ ‘இலையமிலம்’. நிலையானது, உடம்பு கூடுதலாக உறிஞ்சிக்கொள்வது. துண்டுப்பிரசுரத்தில் “கீரையும் சாப்பிடுங்கள், இலையமிலமும் போடுங்கள்” என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பருப்பிலும் ஈரலிலும்கூட உண்டே என்றால், முதலில் பிரித்தெடுத்த இடத்தைப் பெயர் சொன்னால் போதும். லாக்டிக் அமிலத்தைப் பாலமிலம் என்கிறோம், அது நம் தசையிலும் உண்டாகிறது.

இரும்புக் குளிசைக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயர் வாயில் வருகிறது, அதனால் “தேத்தண்ணியோட போட வேணாம், கல்சியத்தோட சேர்த்தும் வேணாம்” என்று மருத்துவமாது சொல்வதும் மனதில் நிற்கிறது.

அடுத்த பிரசுரம் அச்சுக்குப் போகுமுன் உங்கள் மறுப்புகளை எழுதுங்கள். ‘இலையமிலக் குளிசை’ என்று வாய்விட்டுச் சொல்லியும் பாருங்கள். மருமகள் இப்போது ஒழுங்காகப் போடுகிறாள். அவள் வாயில் அது ‘இலைக் குளிசை’ என்று சுருங்கிவிட்டது. எனக்கு அதுவும் சம்மதம்.