கைப்பிடி வலுக் கருவிகள்: மூன்று மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

வீட்டிலேயே மணிக்கட்டு உருளையும் (கயிற்றில் தொங்கும் எடையை இரு கையாலும் சுருட்டி ஏற்றும் குழாய்), விரல்களால் கிள்ளித் தூக்கும் கட்டையும் செய்யப்போகிறேன், பிவிசி குழாய் போதுமா என்று சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன். ஜிஐ பைப்தான் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்கச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

ஆனால் அளவில் நான் கோட்டைவிட்டேன். 50 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டுமென்று யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் 2 இஞ்சிப் பைப் வெட்டி வாங்கினேன். வீட்டில் அளந்தால் வெளிவிட்டம் 60! கடைக்காரர் சொல்லும் இஞ்சி வெளிவிட்டம் அல்ல. ஒன்றரை இஞ்சிப் பைப்தான் வெளியே 48 மில்லிமீற்றர் வரும். அதையே மாற்றி வாங்கி, நடுவில் துளையிட்டு நைலோன் கயிறு கோத்து, பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் சுற்றினேன். கயிற்றின் நுனியில் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய கான். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் அரை லீற்றராகக் கூட்டலாம். 4 லீற்றரில் தொடங்கி இப்போது 9.

கிள்ளும் கட்டைக்குப் பனஞ்சலாகைத் துண்டு எடுத்தது மடத்தனம். எவ்வளவு அரம் போட்டாலும் சிராம்பு ஏறுகிறது. "கிணத்தில துலா மிதிச்சுத் தண்ணி இறைச்ச காலத்தில உங்கட அப்பப்பாவுக்கு இதெல்லாம் தேவைப்படேல்லை" என்று அம்மம்மா ஊசியோடு உட்கார்ந்து எடுத்துவிட்டார். இப்போது வேப்பங்கட்டை.

அப்புறம், முழங்கையின் வெளிப்பக்கம் நொந்தது. விரல்களை மடக்கும் தசைக்கே வேலை கொடுத்து, விரிக்கும் தசையை மறந்திருந்தேன். விரல்களைச் சுற்றி இறப்பர் வளையம் போட்டு விரிக்கிறேன், நோவு குறைகிறது. அந்த 60 மில்லிமீற்றர் பைப்பையும் எறியவில்லை. உள்ளே 1 இஞ்சிப் பைப் செருகி, சுழலும் கைப்பிடியாக்கப் போகிறேன்.