மைலேஜ் திடீரென்று விழுந்தது: என் பழைய காரில் நான் பார்த்தது

லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த என் பழைய பெட்ரோல் கார், இரண்டு சர்வீஸுக்கு நடுவில் 12-க்கும் கீழே இறங்கிவிட்டது. எஞ்சின் சத்தம் மாறவில்லை, இழுவை குறையவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. இப்படி வேறு எந்த அறிகுறியும் இல்லாமல் மைலேஜ் மட்டும் விழும்போதுதான் ஆளுக்கொரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். நான் போய்க் கேட்ட மெக்கானிக், பானெட்டைத் திறக்கும் முன்பே "ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும்" என்றார். பழைய கார் என்றாலே முதல் பழி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சார் மேல்தான். அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமானவன், அதனால் ஒத்துக்கொள்ளவில்லை.

மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். பெட்ரோல் முள்ளை வைத்துக் கணக்குப் போட முடியாது. தானாக நிற்கும் வரை நிரப்பி, வழக்கம்போல ஓட்டி, அதே பம்பில் மறுபடி அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுக்க வேண்டும். நிரம்பும் அளவு கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. எனக்கு எல்லாத் தடவையும் 12-க்குக் கீழேதான் வந்தது.

சரி, பெட்ரோல் எங்கே போகிறது? ஒன்று, எஞ்சினுக்குப் போகும் முன்பே கசியலாம். இல்லையென்றால் எஞ்சின் தேவைக்கு மேல் குடிக்கலாம். அதுவும் இல்லையென்றால் சக்கரத்தை ஏதோ பிடித்து இழுக்கலாம். கசிவு இல்லை, இரவெல்லாம் நின்ற வண்டியின் அடியில் ஈரமோ வாடையோ கிடையாது. டயரில் காற்று சரியாக இருந்தது. சமதளத்தில் நியூட்ரலில் தாராளமாக உருண்டது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரங்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோனேன். எதுவும் தனியாகச் சுடவில்லை. ஆக, எஞ்சின் பக்கம்தான்.

காரின் கம்ப்யூட்டர் சொல்லும் அளவுகளைப் போனில் காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனரைச் செருகினேன். ஆக்சிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9-க்கும் நடுவே சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது, ஃபியூல் டிரிம்மும் (பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) சில சதவீதத்துக்குள் இருந்தது. அந்தச் சென்சார் நிரபராதி. கண்ணில் பட்டது கூலன்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை. நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடிய பிறகும் 65 டிகிரியில் நின்றது. 85-லிருந்து 90 இருந்திருக்க வேண்டும். நெரிசலில் மாட்டினால் 75 வரை ஏறும், சாலை திறந்ததும் மறுபடி இறங்கும். டாஷ்போர்டு முள்ளோ நடுவுக்கு ஒரு கோடு கீழே, அவ்வளவுதான். சாதாரணமாக யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேகமாகப் போனால் குளிர்கிறது, நின்றால் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டதன் அடையாளம். எஞ்சின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது மூடாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். அதுவரை ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். ஆயிலும் இளகாமல் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு அதிகம். குறைந்த தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இதில் நஷ்டம் இன்னும் கூடுதல்.

ஆனால் வெப்பநிலை சென்சாரே பொய் சொல்லலாமே? காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்த்தேன், கூலன்ட் வெப்பநிலையும் வெளிக்காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்று. அப்புறம் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன் (விசிறிப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்). தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்துவிட்டுச் சட்டென்று சுடும். இதுவோ தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. சந்தேகம் தீர்ந்தது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தது. வால்வுத் தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, விளிம்பில் பழுப்புப் படிவு ஏறி, வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கு வழியாக மறுபக்கம் தெரிந்தது. பழையதையும் புதியதையும் ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கினோம். புதியது 80-ஐத் தாண்டும் வரை இறுக மூடியிருந்து, பிறகு நிதானமாகத் திறந்தது. பழையது அசையவே இல்லை. புதியதை கேஸ்கெட்டுடன் மாற்றி, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றினோம். இப்போது ஸ்கேனரில் 87, மைலேஜும் 14-ஐ ஒட்டி வந்துவிட்டது.

எல்லாருக்கும் தெர்மோஸ்டாட்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. என் மாமா காரில் பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியும் மைலேஜ் ஏறவில்லை. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்தால் வேகம் எடுக்கத் திணறும். ஆனால் வரும் காற்றுக்கு ஏற்ப ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடுவதால் மைலேஜ் பெரிதாக மாறாது. கார்புரேட்டர் வண்டியில்தான் அது நேராக பெட்ரோலைத் தின்னும். மாமா காரில் ஒரு சக்கரம் மட்டும் அருகே போக முடியாத அளவு தகித்தது. பிரேக் பேடை அழுத்தும் கேலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்துபோய், பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருந்தது.

நண்பர் ஒருவர் காரில் புகை கறுப்பு, பிளக்கிலும் கரி. அவர் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கியதும் உள்ளிருந்து பெட்ரோல் சொட்டியது. உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருந்தது, அந்த வழியாகப் பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. இதைச் சோதிப்பதாக இருந்தால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள், தீ விபத்துக்கு இடம் உண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் ஆயிலிலும் பெட்ரோல் வாடை. ரெகுலேட்டரோடு ஆயிலையும் மாற்றிய பிறகே அவர் வண்டியை எடுத்தார்.