மூலைமட்டம் பார்க்க 3-4-5: எங்கே பிசகுகிறது?

மனைக்கு நூல் கட்டும்போது ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வந்தால் மூலை சரி (90 டிகிரி) என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கில் பிழை இல்லை. முக்கோணம் சிறிதாக இருப்பதுதான் வம்பு. அந்த 5 அடியில் கால் இஞ்ச் தவறினால் 30 அடிச் சுவரின் மறுமுனை 3 இஞ்ச் விலகிவிடும். 12-16-20 போட்டு அதே கால் இஞ்ச் தவறினால் விலகல் ஒரு இஞ்சுக்கும் கீழே. இடம் இருக்கிற மட்டும் பெரிதாகப் போடுங்கள்.

நாலு முளையும் அடித்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். 20×30 என்றால் 400 + 900 = 1300, வர்க்கமூலம் 36.055. இதை 36 அடி 5½ இஞ்ச் என்று டேப்பில் பிடித்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அடியின் பங்கு, இஞ்ச் அல்ல. 12ஆல் பெருக்க வேண்டும். 0.055 × 12 = 0.66. ஆக 36 அடியும் முக்கால் இஞ்சுக்குச் சற்றுக் குறைவும்.

இரண்டு குறுக்களவும் சமம் என்றதும் கடைக்கால் தோண்ட ஆரம்பிக்காதீர்கள். முன்பக்கம் 20 அடி, பின்பக்கம் 19 அடி 9 இஞ்ச் என்று இருபுறமும் ஒரே அளவு ஒடுங்கியிருந்தாலும் குறுக்களவு சமமாகவே வரும். எதிரெதிர்ப் பக்கங்களையும் அளந்தால்தான் தெரியும்.

*

சரிவான மனையில் டேப்பைத் தரையோடு படுக்க வைக்காதீர்கள். 30 அடிக்குள் 2 அடி இறக்கம் இருந்தால் உண்மையான கிடை நீளம் 29 அடி 11.2 இஞ்ச்தான். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பார்த்து டேப்பைக் கிடையாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்க வேண்டும்.

*

பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் (குறுக்களவு) வரும் என்று போதையனார் பெயரில் ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 30×40க்கு 35 + 15 = 50, அச்சாக வரும். ஆனால் 20×30க்கு 36 அடி 3 இஞ்ச் காட்டும், 2 இஞ்சுக்கு மேல் கூடுதல். 10×10 அறைக்கு 13 அடி 9 இஞ்ச் காட்டும். உள்ளது 14 அடி 1.7 இஞ்ச். குத்துமதிப்புக்கு ஆகும், நூல் கட்ட ஆகாது.

*

ஷீட் கூரைக்கும் இதே கணக்குதான். 20 அடி அகலம், நடு உயரம் 4 அடி என்றால் ஒரு பக்கச் சரிவு 10, 4இன் கர்ணம்: 10 அடி 9¼ இஞ்ச். வரைபடத்தில் பார்த்த 10 அடியோடு இறவாணத்துக்கு (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) 1 அடி சேர்த்து 11 அடி ஷீட் வாங்கினால் சுவரைத் தாண்டி நீள்வது 2¾ இஞ்ச்தான். மழைச்சாரல் சுவரை நனைக்கும். 12 அடி வாங்குங்கள்.

*

அலமாரி செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. 7 அடி உயரம், 2 அடி ஆழம் உள்ளதைத் தரையில் படுக்க வைத்துப் பூட்டி நிமிர்த்தினால் நடுவழியில் 7 அடி 3.4 இஞ்ச் உயரம் கேட்கும். மேலே லாஃப்ட் 7 அடி 2 இஞ்சில் இருந்தால் நிமிராது. பெட்டியை நிற்க வைத்தே பூட்டச் சொல்லுங்கள், அல்லது அடிப்பீடத்தைத் தனியாகச் செய்து கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.